பூப்பந்து (பேட்மின்டன்) கிளப் பதிவு மனு திரும்பி வந்தது பற்றி

உங்கள் கிளப்பின் பதிவு மனு ஏன் திரும்பி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். மலேசியாவில் விளையாட்டுக் கிளப்பைப் பதிய வேண்டிய இடம் சங்கப் பதிவிலாகா அல்ல, விளையாட்டு ஆணையர் அலுவலகம். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1998 ஜனவரியில் நடப்புக்கு வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை. பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் அனுப்பியதால்தான் மனு திரும்பியிருக்க வேண்டும்.

மறுபடி அனுப்புவதற்கு முன் உங்கள் கிளப்பின் சட்டவிதியில் ‘நோக்கம்’ என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். நம்மவர்கள் பலர் கோயில் சங்கத்தின் சட்டவிதியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அதில் திருவிழா உபயம், மரண சகாய நிதி, டியூஷன் வகுப்பு எல்லாம் அப்படியே கிடக்கும்; பூப்பந்து கடைசி வரியில் வரும். அதைப் பார்க்கும் அதிகாரி இதை விளையாட்டு அமைப்பு என்று எப்படி ஏற்பார்? பயிற்சி, போட்டி, ஆட்டக்காரர் மேம்பாடு ஆகியவற்றை முதலில் வையுங்கள். மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

உண்மையிலேயே இளைஞர் நலப் பணிதான் முதன்மை என்றால் வழி வேறு: 2007ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இளைஞர் பதிவாளரிடம் போக வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பதிவு கைக்கு வரும்வரை கிளப்பின் பெயரில் போட்டி நடத்தவோ சந்தா வசூலிக்கவோ வேண்டாம். பதிவு கிடைத்தாலும் கிளப் ஒரு சென்டிரியான் பெர்ஹாட் (கடனுக்கு நிறுவனமே பொறுப்பேற்கும் தனியார்) நிறுவனமாகிவிடாது. மண்டப வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கடன் யார் தலையில் விழும் என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.