தலைக்கு எண்ணெய் வேண்டாம்: ஆட்டிசமும் ஸ்லீப் ஸ்டடியும், கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஸ்லீப் ஸ்டடி என்பது ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்து பார்க்கும் பரிசோதனை. பதில் சொல்பவர் அது நடக்கும் ஸ்லீப் லேபில் இரவுப் பணி பார்க்கும் டெக்னாலஜிஸ்ட். மருந்து அளவுகள் டாக்டரிடம் பேசும்போது உதவுவதற்காக மட்டுமே தரப்பட்டுள்ளன. நீங்களாக எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மகனுக்கு 7 வயசு, ஆட்டிசம். ராத்திரி 12 மணி ஆனாலும் தூங்க மாட்டேங்கிறான். ஸ்லீப் ஸ்டடி எடுத்தா காரணம் தெரிஞ்சிடுமா? (ஈரோடு)

தூக்கம் வரத் தாமதமாவது மட்டும்தான் பிரச்சினை என்றால், பெரிதாக எதுவும் தெரியாது. தூங்கிய பிறகு மூச்சும் காலும் மூளையும் என்ன செய்கின்றன என்று பார்க்கும் பரிசோதனை இது. குறட்டை, வாயால் மூச்சு, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, மூச்சு நின்று திணறுவது, கால் உதறல், வலிப்பு போன்ற அசைவு, இவற்றில் ஏதாவது இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால், "எதைத் தேடுகிறோம் டாக்டர்?" என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்படியானாலும் முதலில் 2 வாரம் குறிப்பு எழுதுங்கள். படுத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் விழித்த நேரம், எழுந்த நேரம் என்று நான்கு எண்கள். கூடவே அன்று மலம் போனானா என்பதையும் எழுதுங்கள். பேச்சு குறைவான பிள்ளை நடு இரவில் எழுந்து அழுதால் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல்வலி, காதுவலி எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும். குறட்டை இருந்தால் சட்டையைத் தூக்கிவிட்டு, மார்பும் தொண்டைக்குழியும் தெரிய 2 நிமிட வீடியோ எடுங்கள். மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே குழிகிறதா என்று டாக்டர் பார்ப்பார். முகத்தை மட்டும் எடுத்த வீடியோவில் அது தெரியாது.

தாமதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அவன் நிஜமாகத் தூங்கும் சராசரி நேரம் 11.45 என்றால், அதோடு அரை மணி சேர்த்து 12.15-க்குத்தான் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். படுத்து 15 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் மறுநாள் 15 நிமிடம் முன்னால். தூங்கவில்லை என்றால் அதே நேரத்திலேயே இருங்கள், அல்லது சற்றுத் தள்ளிப் போடுங்கள். காலை எழும் நேரம் மட்டும் ஞாயிறானாலும் மாறக்கூடாது. முதல் வாரம் வீட்டில் பாட்டி திட்டுவார், பிள்ளையைத் தூங்க விடவில்லை என்று. படுக்கையில் 2 மணி நேரம் புரண்டு புரண்டு, படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்று அவன் பழகிப்போனதை இப்படித்தான் மாற்ற முடியும்.

தலையில தொப்பி கூட வைக்க விடமாட்டா எங்க பொண்ணு. அத்தனை வயரையும் எப்படி ஒட்டுவீங்க? மயக்க மருந்து கொடுப்பீங்களா? (மதுரை)

மயக்க மருந்து கிடையாது. மூளை அலையைப் பதியும் ஈஈஜி எடுக்கும்போது டிரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத் தூங்க வைத்திருப்பார்கள், அதனால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூச்சுத்தடை சந்தேகம் உள்ள பிள்ளைக்கு அது தொண்டைத் தசையைத் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும். பதிவாகும் தூக்கமும் இயல்பானதாக இருக்காது. வழக்கமாக மெலடோனின் (தூக்க ஹார்மோன் மாத்திரை) எடுப்பவள் என்றால், டாக்டர் சம்மதத்தோடு அன்றும் எடுக்கலாம்.

ஊசி எதுவும் இல்லை. இருபதுக்கு மேல் வயர் வரும்: தலையில் ஆறு, காதுக்குப் பின்னால் இரண்டு, கண்ணோரம் இரண்டு, தாடையில் மூன்று, நெஞ்சில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலிலும் இரண்டு, இவை போகச் சில. மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், விரலில் சிவப்பு விளக்கு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய். பிள்ளைகள் அதிகம் எதிர்ப்பது இரண்டைத்தான்: தலையைத் தேய்ப்பது, மூக்குக் குழாய். தோலைச் சுத்தம் செய்யும் ஜெல்லில் நறநறவென்று மணல் மாதிரித் துகள் இருக்கும். அதற்கு மேல் வைக்கும் பேஸ்ட் சில்லென்று ஒட்டும்.

வீட்டில் 2 முதல் 3 வாரப் பயிற்சி போதும், ஒரு நாளைக்கு 5 நிமிடம். மருந்துக்கடையில் மைக்ரோபோர் டேப், பஞ்சு, குழந்தைக்கான மூக்கு ஆக்ஸிஜன் குழாய் வாங்குங்கள். குழாயை வெறுமனே மாட்டிப் பழக்கத்தான், எதனோடும் இணைக்க வேண்டாம். முதலில் டேப்பைப் பொம்மைக்கு ஒட்டட்டும், பிறகு உங்களுக்கு, பிறகு தன் காலில் ஒன்று. 5 எண்ணி எடுங்கள், நாளடைவில் 30 வரை கூட்டுங்கள். காலில் சகஜமான பிறகுதான் கன்னம். இடுப்பில் எலாஸ்டிக் பெல்ட் கட்டி ஒரு கார்ட்டூன் முடியும்வரை உட்கார வையுங்கள். மூக்குக் குழாய் எப்போதும் கடைசி. கழற்றுவது அவள் அமைதியாக இருக்கும்போது நடக்க வேண்டும். அழும்போது கழற்றினால் "அழுதால் போய்விடும்" என்பதுதான் அவள் கற்கும் பாடம்.

முன்கூட்டியே லேபுக்குப் போன் செய்து சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். கொலோடியன் பசை வேண்டாம், அதன் நெடி தாங்காது, பேஸ்ட் போதும் என்று சொல்லுங்கள். காலில் தொடங்கி, பிறகு பெல்ட், தலை, முகம், கடைசியில் மூக்கு என்ற வரிசையில் ஒட்டச் சொல்லுங்கள். விரல் கிளிப்பைப் பிடுங்குவாள் என்றால் கால் பெருவிரலில் மாட்டி மேலே சாக்ஸ் போடலாம். தலை வயர்களைப் பின்பக்கம் ஜடை போலச் சேர்த்துக் கட்டினால் கைக்கு எட்டாது. எல்லாம் ஒட்ட 45 நிமிடம் முதல் 1 மணி ஆகும், இவளுக்குக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்கிய பிறகு முகத்து வயர்களை ஒட்டித் தருவீர்களா என்றும் கேளுங்கள். பல டெக்னீஷியன்கள் செய்வார்கள்.

எல்லாமே ஒட்டாமல் போனாலும் அந்த இரவு வீண் என்று நினைக்காதீர்கள். கேள்வி மூச்சைப் பற்றியது என்றால் பெல்ட், ஆக்ஸிஜன் கிளிப், மூக்குக் குழாய், வீடியோ இவ்வளவும் நின்றாலே டாக்டருக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும். வலிப்பு சந்தேகம் என்றால் தலை வயர்தான் முக்கியம், அதுவும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். அதை முன்பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள், அன்றிரவு சொன்னால் ஏற்பாடு இருக்காது.

இன்னொன்று, எழுதி ஒட்டிவைக்க வேண்டியது: தலைக்கு எண்ணெய் வேண்டாம். முதல் நாளும் அன்றும் தேங்காய் எண்ணெய், கண்டிஷனர் எதுவும் கூடாது. ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசி, நன்றாகக் காயவைத்து வாருங்கள். எண்ணெய்த் தலையில் ஒட்டிய வயர் நடு இரவில் வழுக்கி விழும். அதை ஒட்ட நாங்கள் உள்ளே வர, அவள் விழித்துக்கொள்ள, அந்த இரவு அதோடு போச்சு. காலையில் பேஸ்ட்டை எடுக்க அதே எண்ணெயைத் தாராளமாகப் பூசி வெந்நீரில் அலசலாம்.

கூட நான் படுக்கலாமா?

பிள்ளை என்றால் பெற்றோரில் ஒருவர் கட்டாயம் அறையில் இருக்கவே சொல்வோம். ஒரே கட்டிலில் படுத்தால் உங்கள் அசைவும் பதிவில் கலக்கும். பக்கத்துக் கட்டில் நல்லது.

எனக்கு 29 வயசு, ஆட்டிசம்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. அடுத்த மாசம் ஸ்லீப் ஸ்டடி. புது இடம், தெரியாதவங்க தொடறது, கேமரா, எல்லாமே பயமா இருக்கு. அங்க என்ன நடக்கும்னு வரிசையா சொல்லுங்க. (சென்னை)

இரவு 8 அல்லது 9 மணிக்கு வரச் சொல்வார்கள், காலை 6 மணிவாக்கில் அனுப்பிவிடுவார்கள். படிவம், உடை மாற்றம், வயர் ஒட்டல். அதன் பிறகு கதவு சாத்தப்படும், டெக்னீஷியன் அடுத்த அறையிலிருந்து பார்ப்பார். கேமரா அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால் இருட்டிலும் தெரியும். சில அறைகளில் அதன் சின்னச் சிவப்புப் புள்ளி கண்ணை உறுத்தும். கண்பட்டி கட்டினால் கண்ணோர வயர் நகரும், அதனால் படுக்கும் திசையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

விளக்கணைத்ததும் ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பலர் திடுக்கிடுவது இங்கேதான். வயர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது: 30 வினாடி கண் திறந்திருங்கள், 30 வினாடி மூடுங்கள், தலையை அசைக்காமல் இடம் வலம் பாருங்கள், மேலே கீழே பாருங்கள், 5 முறை இமையுங்கள், பல்லைக் கடியுங்கள், இடது பாதம், வலது பாதம், 10 வினாடி மூச்சை அடக்குங்கள். வரிசை லேபுக்கு லேப் சற்று மாறும். தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், "சொல்லிவிட்டுத் தொடுங்கள்" என்றும் கேட்கலாம். பாத்ரூம் போகக் குரல் கொடுத்தால் போதும். வயர்கள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் சேரும், அதைக் கழற்றி உங்கள் கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள்.

உங்கள் தலையணை, போர்வை, பழகிய மெத்தென்ற உடை எல்லாம் கொண்டுவரலாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை வசதி. மின்விசிறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்றால் அந்தச் சத்தத்தைப் போனில் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். குறட்டை மைக் இருப்பதால் மெதுவாக வைக்கச் சொல்வார்கள். நகப்பூச்சை ஒரு விரலிலாவது அழியுங்கள். அன்று மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பகல் தூக்கமும் வேண்டாம்.

வழக்கமாக அதிகாலை 2 மணிக்குத்தான் தூங்குவீர்கள் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். 10 மணிக்கு விளக்கணைத்து 6 மணிக்கு எழுப்பினால் பதிவில் பாதி விழிப்புதான் இருக்கும், "தூக்கத்திறன் குறைவு" என்று ரிப்போர்ட் வரும். உங்கள் உடல் கடிகாரம் தள்ளியிருப்பதை அது நோயாகக் காட்டிவிடும்.

புது இடத்தில் தூக்கம் கெடுவது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட லேசாகத் தூங்கிக் காவல் காக்கிறது என்று 2016-ல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாங்களும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பதிவைப் படிக்கிறோம். 30 வினாடிக்கு ஒரு பக்கம் என்று 8 மணி நேரத்துக்கு 960 பக்கம். நீங்கள் கொஞ்சம் தூங்கினாலும் படிக்க விஷயம் இருக்கும்.

வீட்டிலேயே எடுக்கிற டெஸ்ட் இருக்காமே, ஸ்மார்ட் வாட்ச் கூட தூக்கத்தைக் காட்டுதே?

வீட்டுக் கருவியில் தலை வயர் இல்லை. அதனால் தூங்கினீர்களா, விழித்துக்கொண்டு படுத்திருந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. மூச்சுத்தடை எண்ணிக்கையை மொத்தப் பதிவு நேரத்தால் வகுக்கும். பாதி இரவு விழித்திருப்பவருக்கு எண் குறைந்தே வரும். பெரியவர்களுக்குத் தெளிவான குறட்டையும் பகல் அசதியும் இருந்தால் அது போதும். குழந்தைகளுக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி அதைப் பரிந்துரைக்கவில்லை. வாட்ச் காட்டும் "ஆழ்தூக்கம்" கணக்கை நம்பி மருந்து கேட்க வேண்டாம். படுத்த, எழுந்த நேரத்துக்கு மட்டும் அது சுமாரான சாட்சி.

6 வயசு பொண்ணுக்கு ரிப்போர்ட்ல ஏஎச்ஐ 4.1. "5-க்குக் கீழ், நார்மல்"னு போட்டிருக்கு. ஆனா ராத்திரி பூரா குறட்டை. (கோவை)

அந்த 5 பெரியவர்களுக்கான கோடு. ஏஎச்ஐ என்பது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண். குழந்தைக்கு 1 தாண்டினாலே கவனிக்க வேண்டும். 1 முதல் 5 லேசானது, 5 முதல் 10 நடுத்தரம், 10-க்கு மேல் கடுமை. பெரியவர்களுக்குத்தான் 5, 15, 30. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு குழந்தைகளின் தூக்கத்தைப் பார்க்கும் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போங்கள். டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெரிதா என்பதுதான் அடுத்த கேள்வி.

பையனுக்கு 8 வயசு. ராத்திரி கால உதைச்சுக்கிட்டே இருக்கான். தயிர் சாதம், பிஸ்கட் தவிர ஒண்ணும் தொடமாட்டான். ஹீமோகுளோபின் 11.8, நார்மல்னாங்க. ஃபெரிட்டின் 18. (யாழ்ப்பாணம்)

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு இரும்பு காலியாக இருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டும் எண்தான் ஃபெரிட்டின். கால் உதறலும் அமைதியற்ற காலும் உள்ள பிள்ளைக்கு ஃபெரிட்டின் 50-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். கிலோவுக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு, நாளுக்கு ஒரு வேளை, 3 மாதம் கழித்து மறுபரிசோதனை. பாட்டிலில் இரும்பு உப்பின் எடையும் அதிலுள்ள தனி இரும்பின் எடையும் வேறுவேறாக இருக்கும். கணக்கு தவறுவது அங்கேதான், டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். தயிர், பால், டீ இவற்றோடு கொடுத்தால் உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது ரத்தம் எடுக்க வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் உடனே சொல்லுங்கள், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

தூங்க வைக்கச் சளி சிரப் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தூக்கம் வரவைக்கும் அந்த வகை மருந்துகள் கால் உதறலை அதிகமாக்கும்.

மெலடோனின் கொடுத்தா தூங்கிடறான், ஆனா 3 மணிக்கு எழுந்துடறான். இன்னொரு மாத்திரை கொடுக்கலாமா?

வேண்டாம். சாதாரண மெலடோனின் சீக்கிரம் கரைந்து சீக்கிரம் போய்விடும். தூங்கத் தொடங்க உதவும், தூக்கத்தை இழுத்துப் பிடிக்காது. 3 மணிக்குக் கொடுத்தால் காலையில் மந்தமும் மறுநாள் கடிகாரக் குழப்பமும்தான் மிச்சம். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2020 வழிகாட்டுதல் 1 முதல் 3 மில்லிகிராமில், படுக்கும் 30 முதல் 60 நிமிடம் முன் தொடங்கச் சொல்கிறது, உச்சம் 10. மெதுவாகக் கரையும் வகை ஒன்றை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஐரோப்பாவில் 2018-ல் அனுமதித்தார்கள். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் சாதாரண மாத்திரைதான்.

பிராண்ட் மாற்றியதும் வேலை செய்யவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். கனடாவில் விற்ற மெலடோனின் பாட்டில்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள்: லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. ஃப்ளூவோக்ஸமின் என்ற மனநல மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் மெலடோனின் தொடவே கூடாது. அந்த மருந்து ரத்தத்தில் மெலடோனின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

எடை கூடின போர்வை வாங்கலாமா?

பிடித்திருந்தால் வாங்குங்கள். 2014-ல் 67 பிள்ளைகளிடம் சோதித்ததில் தூக்க நேரம் கூடவில்லை, ஆனாலும் பிள்ளைகளும் பெற்றோரும் சாதாரணப் போர்வையைவிட அதையே விரும்பினார்கள். தானாக விலக்கத் தெரியாத பிள்ளைக்கு வேண்டாம். நம் ஊர் மே மாதத்துக்கும் வேண்டாம்.

சிபாப் மாஸ்க் போட்டா 10 நிமிஷத்துல பிடுங்கிடறேன். முகத்துல எதுவும் படறது தாங்கல. (32 வயசு, ஆட்டிசம், திருச்சி)

சிபாப் என்பது மூச்சுத்தடைக்காக மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் மெஷின். அதை இரவில் பழகாதீர்கள். பகலில், டிவி பார்க்கும்போது ஆரம்பியுங்கள். மாஸ்க்கைக் கையில் பிடித்து மூக்கில் 1 நிமிடம். பிறகு பட்டையோடு, குழாய் இல்லாமல். பிறகு குழாயோடு, குறைந்த அழுத்தத்தில் 20 நிமிடம். ஒரு படி தாங்கவில்லை என்றால் முந்தைய படிக்கு இறங்குங்கள். முழு முகமூடிதான் தொல்லை என்றால் மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சிலிகான் வகையைக் கேளுங்கள். வாயால் மூச்சு விடுபவர்களுக்கு அது சரிவராது.

பட்டையை உட்கார்ந்து இறுக்குவது பெரிய தவறு. படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மூக்கு எலும்பில் சிவந்த தடம் விழுந்தால் அதிகம் இறுக்கியிருக்கிறீர்கள். ஈரப்பதத் தொட்டிக்கு போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் படிவு கட்டும், காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுங்கள். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் சேர்ந்து களகளவென்று சத்தம் வந்தால் ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணி உறை மாட்டுங்கள். அந்தச் சத்தத்துக்காகவே மெஷினை அலமாரியில் வைத்தவர்கள் உண்டு.