கொத்தாமல் ஒரு பூம்பாத்தி

கேள்வி: கோத்தகிரியில் வீட்டு முன்னால் 6 அடிக்கு 3 அடி இடம், முழுக்கப் புல். ரசாயனம் இல்லாமல், அதிகம் மெனக்கெடாமல் பூச்செடி வைக்க முடியுமா?

பதில்: தாராளமாக. மண்ணைக் கொத்தாதீர்கள், கிக்குயு புல்லாக (தரையோடு படரும் புல்) இருந்தால் அறுபட்ட தண்டெல்லாம் மறுபடி முளைக்கும். புல்லை ஒட்ட அறுத்து, டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை, ஓரங்கள் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, ஊற நனையுங்கள். புல் தப்பி வருவது இணைப்பிலும் ஓரத்திலும்தான். அதனால் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்குச் சால் எடுங்கள். மேலே மக்கிய தொழுவுரமும் மண்ணும் சரிபாதி கலந்து அரையடி உயரம். சிமென்ட் சாக்கில் ஏழெட்டு பிடிக்கும். பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும்.

காலெண்டுலா (சாமந்தி போன்ற பூச்செடி) விதையை அரை அங்குல ஆழத்தில், முக்கால் அடி இடைவெளியில் ஊன்றுங்கள். நாஸ்டர்டியம் என்ற பூச்செடியின் விதையைப் பாத்திக்கு வெளியே வெறும் மண்ணில் போடுங்கள். உரம் கூடினால் இலைதான் மிஞ்சும். நாஸ்டர்டியம் உறைபனியில் கருகும், மார்ச்சில் விதைப்பது நல்லது. மழைக்காலத்தில் ஓடில்லா நத்தை தளிரைத் தின்னும். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.