உள்ளங்கை அளவு டாக்கோ

கேள்வி: சிங்கப்பூரில் ‘மெக்சிகன் தெருவுணவு’ என்று போர்டு மாட்டிய கடையில் மூன்று டாக்கோ வாங்கினேன். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். சப்பாத்தியில் கறியை மடித்ததுபோல் இருந்தது. பாதியிலேயே கிழிந்து சட்டையெல்லாம் சாறு. பில்லில் போட்டிருந்ததோ மெனுவில் இல்லாத தொகை. தெருவுணவு என்று கூப்பிட்டு உட்காரவைத்து உரிப்பது ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அளவு பற்றிய புகார் தள்ளுபடி. விலை பற்றியதற்குப் பாதி மதிப்பெண். ரொட்டி கிழிந்ததுதான் உண்மையான புகார். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மெக்சிகோ நகரத் தெருவில் விற்கும் டாக்கோவும் உள்ளங்கை அளவுதான். ரொட்டியின் குறுக்களவு 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்கும். நின்றபடியே மூன்று நான்கு வாயில் முடிக்கிற பண்டம் அது. இரண்டு வாங்கித் தின்பார்கள், பசி மிச்சமிருந்தால் இன்னும் இரண்டு கேட்பார்கள். நீங்கள் மூன்றையும் ஒரே தட்டில் வாங்கியிருக்கிறீர்கள். முதலாவதை முடிப்பதற்குள் மூன்றாவது ஆறியிருக்கும். ஆறிய மக்காச்சோள ரொட்டி விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும்.

சப்பாத்தி மாதிரி இருந்தது என்கிறீர்கள், கிழிந்தது என்றும் சொல்கிறீர்கள். கோதுமை ரொட்டி அவ்வளவு சுலபத்தில் கிழியாது, இழுத்தால் நீளும். ஆகவே உங்கள் தட்டில் இருந்தது பெரும்பாலும் மக்காச்சோள டோர்ட்டியா ரொட்டிதான், ஒழுங்காகச் சூடாக்காதது.

மக்காச்சோளத்தில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. காய்ந்த மணியை வெறுமனே அரைத்துப் பிசைந்து தட்டினால் உதிர்ந்துவிடும். அதனால் ஒரு கிலோ மணிக்கு ஏறக்குறைய 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, மூன்று லிட்டர் தண்ணீரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை மெல்லக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து இரவெல்லாம் ஊறவிடுவார்கள். சுண்ணாம்பு மேல்தோலை இளக்கிக் கழற்றும். மாவுச்சத்து தண்ணீர் குடித்துப் பிடிமானம் பெறும். காலையில் தோல் போகக் கழுவி, ஈரத்தோடு கல்லில் அரைத்தால் வருவது மாசா என்ற மாவு. மணிக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேர்வதும் இந்தச் சுண்ணாம்பால்தான். மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய் இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதையே தின்று பிழைத்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டி எடுத்தது.

இத்தனை வேலையையும் எல்லாக் கடையும் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதே பக்குவத்தில் செய்து உலர்த்திய மாவு பையில் கிடைக்கிறது. மெக்சிகோவிலேயே அது தாராளமாகப் புழங்குகிறது. வெந்நீர் விட்டுப் பிசைந்து, கொஞ்ச நேரம் மூடிவைத்து, அச்சில் அழுத்திச் சுட்டால் நல்ல ரொட்டி வரும். கோளாறு வருவது கைப்பக்குவத்தில்தான். தண்ணீர் குறைந்தால் ஓரம் பிளக்கும். கல்லில் சூடு போதாவிட்டால் உப்பாமல் காய்ந்து அட்டையாகிவிடும். சுட்டதைத் துணியில் சுற்றிவைக்காமல் காற்றில் போட்டாலும் விறைக்கும். பாக்கெட் ரொட்டியை மைக்ரோவேவில் வாட்டித் தருகிற கடை இன்னும் மோசம்; கைக்கு வரும்போது மெத்தென்று இருக்கும், வாய்க்குப் போவதற்குள் ரப்பராகிவிடும். எனவே மெனுவைப் பார்ப்பதற்கு முன் கல்லைப் பாருங்கள். ரொட்டியை இங்கேயே அழுத்திச் சுடுகிறீர்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

சாறு ஒழுகும் கறிக்கு இரண்டு ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது அங்கே வழக்கம். மேலுள்ளது ஊறினாலும் அடியிலிருப்பது தாங்கும். ஒற்றை ரொட்டியில் வந்தால் இன்னொன்று கேட்டு வாங்குங்கள். தின்னும்போது டாக்கோவைச் சாய்க்காதீர்கள், தலையைச் சாயுங்கள். உடம்பைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டால் சாறு தட்டில் விழும், சட்டை பிழைக்கும்.

கோதுமை டோர்ட்டியாவும் போலி அல்ல. சொனோரா போன்ற வட மாநிலங்களில் அதுதான் பழக்கம். புர்ரீட்டோ அதில்தான் சுற்றப்படுகிறது. பொரித்து வளைத்த மொறுமொறு ஓடு, துருவிய மஞ்சள் சீஸ், லெட்யூஸ் எல்லாம் அமெரிக்காவில் பரவிய பாணி. பிடித்தால் சாப்பிடுங்கள், தெருவுணவு என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நீளமான மெனு நல்ல அறிகுறி அல்ல. 2024-இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற மெக்சிகோ நகரத்து எல் கலிஃபா தெ லெயோன் என்ற கடை விற்பது நான்கே வகை டாக்கோ, சாப்பிடுவது நின்றபடிதான். உங்கள் கடையில் ‘அல் பாஸ்டோர்’ இருந்தால், செங்குத்துக் கம்பியில் கறி அடுக்கிச் சுழல்கிறதா என்று பாருங்கள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறை அது. ஆட்டுக்குப் பதில் பன்றி இறைச்சி, மசாலாவில் சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதையும் காய்ந்த மிளகாயும், உச்சியில் அன்னாசி என்று மெக்சிகோவில் உருமாறியது. கம்பியே இல்லாமல் சட்டியில் புரட்டி அன்னாசித் துண்டு தூவினால், ருசியாக இருக்கலாம். ஆனால் சுட்டுச் சீவிய விளிம்பின் மொறுமொறுப்பு வராது.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இது. கார்னிதாஸ் பன்றி இறைச்சி. கார்னே அசாடா பெரும்பாலும் மாட்டிறைச்சி. பிர்ரியா என்ற மசாலாக் கறி ஹலிஸ்கோ மாநிலத்தில் ஆட்டில் செய்வது. இப்போது எங்கும் பரவியிருக்கும் சீஸ் போட்ட வகை மாட்டில். சைவர்கள் மசித்த பீன்ஸை நம்பிக் கேட்பார்கள், அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது மரபு. சோற்றிலும் கோழிச் சாறு இருக்கலாம். ஹலால் வேண்டுவோர் ‘பன்றி இல்லை’ என்ற அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளாமல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலே ஊற்றும் சால்சா சட்னியில் பச்சை என்றால் காரம் குறைவு, சிவப்பு என்றால் அதிகம் என்று கணக்குப் போடாதீர்கள். செர்ரானோ மிளகாய் போட்ட பச்சை உங்களை அழவைக்கும். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். எலுமிச்சையைக் கடைசியில், கடிப்பதற்குச் சற்றுமுன் பிழியுங்கள். முன்கூட்டிப் பிழிந்தால் ரொட்டி ஊறிப்போகும்.

இனி பில். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி. 2024 முதல் 9 விழுக்காடு, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைமேல் போடுவது. 30 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 33 ஆகி, பிறகு 35 வெள்ளி 97 காசாகும். இது ஏமாற்று அல்ல, எழுதிவைத்த கணக்கு. உட்காரவைத்துப் பரிமாறும் கடையில் வாடகையும் ஆள்கூலியும் உங்கள் தட்டில்தான் ஏறும்; அவகாடோவும் மாவும் கப்பலேறி வருகின்றன. ஆனால் நாமே எழுந்துபோய்த் தட்டை வாங்கிவருகிற கடை சேவைக் கட்டணம் போட்டால் என்ன சேவை என்று நிற்கவைத்துக் கேளுங்கள். அவகாடோ மசித்த குவாக்கமோலேயும் சிப்ஸும் தானாக மேசைக்கு வந்தால், தொடுவதற்கு முன் இலவசமா என்று விசாரியுங்கள். தண்ணீருக்கும் இதே விசாரணை வேண்டும்.