பிரைத்ஹார்ன்: இருவர் மட்டும் போகலாமா?

வணக்கம். நாங்கள் பெர்னில் வசிக்கிறோம். ஆல்ப்ஸின் நாலாயிரம் மீட்டர் சிகரங்களில் எளிதானது ஜெர்மாட் அருகிலுள்ள பிரைத்ஹார்ன் என்கிறார்கள். கேபிள் காரில் போய் இறங்கினால் இரண்டு மணி நேர ஏற்றம்தானாம். நானும் மனைவியும் மலைநடைக்குப் பழகியவர்கள், பனியில் நடந்ததில்லை. வழிகாட்டி இல்லாமல் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிட முடியுமா? முகட்டில் பாறை ஏறும் பாதையும் இருக்கிறதாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எளிதானது என்பது சரிதான். கேபிள் காரின் க்ளைன் மாட்டர்ஹார்ன் நிலையம் 3883 மீட்டரில் இருக்கிறது, பிரைத்ஹார்னின் உச்சியான மேற்குச் சிகரம் 4164. சுரங்கவழியாக வெளியே வந்து, பனிச்சறுக்குத் தடத்தை ஒட்டிச் சற்று இறங்கி, அகன்ற பனிமேட்டைக் கடந்து, தென்சரிவில் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான இடத்திலும் சுமார் 35 பாகைதான். 1813இல் ஹென்றி மேனார்டின் குழு முதன்முதலில் ஏறியதும் தென்பக்கமாகத்தான். ஆனாலும் பனியாற்றில் பழகாத இருவர் மட்டும் போகவேண்டாம் என்றே சொல்வேன்.

காரணம் கயிறு. அந்தப் பனிமேடு ஒரு பனியாறு. பிளவுகளின் மேல் பனி மூடியிருக்கும், தடம் ஆழமாக மிதிபட்டிருந்தாலும் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. மூன்று நான்கு பேர் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் கட்டிக்கொண்டு போனால், ஒருவர் விழும்போது மற்றவர்களின் எடை தாங்கும். இருவர் என்றால், விழுந்தவரின் பாரத்தை இடுப்பில் தாங்கியபடியே மற்றவர் தனியாகப் பனியில் நங்கூரம் போட வேண்டும். பயிற்சி இல்லாதவரால் அது முடியாத காரியம். பழகிய இருவர் இடைவெளியைக் கூட்டி, நடுக்கயிற்றில் முடிச்சுகள் போட்டுக்கொள்வார்கள். பிளவின் விளிம்புப் பனியில் முடிச்சு புதைந்து வேகத்தைக் குறைக்கும். அங்கே அதிகம் காணும் பிழை, கயிற்றை வளையங்களாகக் கையில் சுருட்டிக்கொண்டு பேசியபடி நடப்பது. அந்தத் தொய்வு முழுவதும் விழும் தூரமாகிவிடும்.

அடுத்தது மேகம். பிற்பகலில் இத்தாலியப் பக்கத்து ஈரக்காற்று மேலேறிப் பனிமேட்டை மூடினால், வெள்ளைத் தரையும் வெள்ளை வானமும் ஒன்றாகிவிடும். தடத்தைக் காற்று அரை மணி நேரத்தில் தூர்த்துவிடும். வழி தவறித் தெற்கே சரிந்தால் பிளவுகள் மிகுந்த பனியாறு. திரும்பும் வழியை முன்கூட்டியே ஜிபிஎஸ்ஸில் பதிந்து வையுங்கள். கைபேசி உட்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கும்.

உயரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலரைத் திருப்பி அனுப்புவது அதுதான். ஜெர்மாட் சுமார் 1600 மீட்டர். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 3883க்கு வந்துவிடுவீர்கள், உடல் வந்து சேராது. சிகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு. தலைவலி சில மணி நேரம் கழித்தே வருவதால் ஏறும்போது தைரியமாக இருக்கும். முந்தின இரவு காண்டெக் குடிலிலோ (3030 மீட்டர்), டெஸ்டா கிரிஜாவின் இத்தாலிய விடுதியிலோ (சுமார் 3480) தங்குவது நல்லது.

கிராம்பான் (காலணியடியில் மாட்டும் இரும்பு முட்கள்), பனிக்கோடரி, ஹார்னஸ் (கயிறு கட்டும் இடுப்புவார்), தலைக்கவசம், பனிக்கண்ணாடி எல்லாம் ஜெர்மாட்டில் வாடகைக்குக் கிடைக்கும். பிற்பகல் ஈரப்பனி கிராம்பானுக்கடியில் கட்டியாக ஒட்டும். கோடரிக் கம்பால் தட்டிக்கொண்டே இறங்க வேண்டும், இல்லையென்றால் முட்கள் பிடிக்காது. உச்சியில் வடக்கு விளிம்பை எட்டிப் பார்க்காதீர்கள். அங்கே பனி வெற்றிடத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்.

காட்சி கிழக்கே போலக்ஸ், காஸ்டர், லிஸ்காம், மோன்டே ரோசா என்று வரிசையாக விரியும். மேற்கே மாட்டர்ஹார்ன், அதற்குத் தென்மேற்கே தொலைவில் மோன் ப்ளாங். மாட்டர்ஹார்ன் இங்கிருந்து அஞ்சலட்டை உருவத்தில் தெரியாது, பலருக்கு அதில் ஏமாற்றம்.

பாறைப் பாதை இருக்கிறது. பிரைத்ஹார்ன் ஒற்றைச் சிகரமல்ல, நீண்ட முகடு. நடுச்சிகரத்துக்குக் கிழக்கேயுள்ள கணவாயிலிருந்து பாறையேறி, நடுச்சிகரம் வழியாக மேற்குச் சிகரம் வருவதைப் பாதிக்கடப்பு என்பார்கள். கிராம்பானோடு பாறையில் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். முகட்டின் கிழக்கு முனையான ரோச்சா நேராவில் தொடங்கும் முழுக்கடப்பு ஒரு நீண்ட நாளின் வேலை. காலையின் முதல் கேபிள் காரில் வந்தாலும் மாலைக் கடைசி வண்டி தவறக்கூடும், அதனால் பலர் முந்தின இரவே ரோசி-வொலாந்தே தங்குகுடிலுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு இந்த ஆண்டு சாதாரண வழி, வழிகாட்டியோடு. சிகரத்துக்கு முன்பே ஒரு நாள் பனியாற்றுப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மாட் இருக்கும் வலே மாநிலத்தில் மீட்பு எண் 144. ஹெலிகாப்டர் செலவை உங்கள் காப்பீடு ஏற்குமா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.