ஒரே தவறு, இரண்டு வீடியோக்களில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கேம்களின் உள் கணக்குகளைச் சோதித்துச் சொல்லும் சிறிய யூடியூப் சேனல் நடத்துகிறேன். நான்கு ஆயுதங்களில் தலா 200 அடி அடித்து, கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) எத்தனை முறை விழுகிறது என்று எண்ணினேன். 5.5, 8, 11.5, 14.5 சதவீதம் வந்தது. சில வாரங்களில் ஒரு பெரிய சேனல் இதே நான்கு எண்களைத் தன் சோதனை முடிவு என்று சொல்லிவிட்டது. என் பெயரே இல்லை. போதாததற்கு, அந்த வேறுபாடு ஏன் வருகிறது என்று தவறான விளக்கம் வேறு. இப்போது என் கமெண்ட் பகுதியிலேயே வந்து எனக்கு அதைப் பாடம் எடுக்கிறார்கள். காப்புரிமை ஸ்ட்ரைக் (யூடியூபில் புகார் கொடுத்து அந்த வீடியோவை நீக்கவைப்பது) கொடுக்கலாமா, அம்பலப்படுத்தி வீடியோ போடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்ட்ரைக் வேண்டாம். நீங்கள் எழுதிப் பேசிய வசனம், வரைந்த படம், உங்கள் குரல் ஆகியவற்றுக்குத்தான் காப்புரிமை உண்டு. ஓர் ஆயுதத்துக்கு 8 சதவீதம் என்பது வெறும் தகவல். அதற்கு யாரும் உரிமையாளர் இல்லை. தவறாகக் கொடுத்த ஸ்ட்ரைக்குக்கு எதிராக அவர்கள் மறுப்பு அனுப்பினால், அமெரிக்கக் கணக்கில் 10 வேலைநாட்களுக்குள் நீங்கள் நீதிமன்றம் போனதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ திரும்பி வந்துவிடும். 90 நாட்களில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும் என்பதால், பெயர் போடாத சண்டைக்கு அதை எடுப்பவரைப் பார்வையாளர்கள் மன்னிப்பதில்லை.

உங்கள் கையில் இருப்பது இதைவிட நல்ல ஆதாரம். சரியான எண் ஒத்துப்போனால் அது எதையும் நிரூபிக்காது. கேம் கோப்பைத் திறந்து பார்த்த எவருக்கும் அதே எண்தான் கிடைக்கும். உங்களுடைய எண்களில் இருப்பதோ சோதனையின் தற்செயல் பிசிறு. வேறொருவர் தனியாக 200 அடி அடித்து அதே 11 கிரிட்டிக்கல் பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. நான்கு ஆயுதங்களிலும் அச்சாக அதே எண்ணிக்கை வருவதற்கோ, தாராளமாகக் கணக்குப் போட்டாலும், பத்தாயிரத்தில் ஒன்றுதான். எல்லா எண்களும் அரை அரையாக ஏறுவதையும் கவனியுங்கள்: 200 அடியில் ஒவ்வொரு அடிக்கும் அரை சதவீதம். அவர்கள் 500 அடி அடித்ததாகச் சொல்லியிருந்தால் எண்கள் 0.2 சதவீதமாகத்தான் ஏறும், 5.5 வரவே வராது; இந்த ஒன்றே போதும், விளக்கம் கேட்கலாம்.

யாரிடமும் பேசுவதற்கு முன் அந்த வீடியோவின் பக்கத்தையும் டிஸ்க்ரிப்ஷனையும் (வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பு) இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள். டிஸ்க்ரிப்ஷன் திருத்தப்பட்டால் பழையது என்ன என்று வெளியே தெரியாது. பிறகு ஓர் அட்டவணை: உங்கள் வீடியோவின் நிமிடம், அவர்களுடையதன் நிமிடம், ஒத்துப்போவது என்ன. உங்கள் எண்களை யாராவது பெயர் போடாமல் ஒரு விக்கியில் ஏற்றி, அவர்கள் அங்கிருந்து எடுத்தார்களா என்றும் தேடுங்கள். இந்த வகைச் சண்டைகளில் பாதி அங்கேதான் அவிழும்.

தவறான விளக்கம்தான் எனக்கு இதில் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அணுகுண்டு காந்தி கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1991இல் வந்த சிவிலைசேஷன் கேமில் காந்தியின் ஆக்ரோஷ அளவு 1. ஜனநாயகத்துக்கு மாறியதும் 2 குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் எண் அதன் உச்சமான 255க்குத் தாவும். காந்தி குண்டு வீசுவார். கேட்க அழகான நிரலாக்கப் பாடம். ஆனால் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை. 2020இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் கேமை உருவாக்கிய சிட் மையர் அதை மறுத்தார். இரண்டாம் பாகத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸ் சொன்னபடி முதல் கேமில் மூன்றே ஆக்ரோஷ நிலைகள்தான். தலைவர்களில் மூன்றிலொரு பங்கினர் காந்தியோடு மிகக் குறைந்த நிலையில் இருந்தார்கள். 2012 வாக்கில் ஓர் இணைய விக்கியில் முளைத்த கதையை, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் வீடியோவுக்கு வீடியோ எடுத்தாண்டார்கள். ஒவ்வொருவரும் அவரவர் மூலத்தை எழுதியிருந்தால், நூறு வீடியோவுக்கும் ஒரே ஊற்று என்பது ஒரே மாலையில் தெரிந்திருக்கும். உங்கள் பெயர் அந்த டிஸ்க்ரிப்ஷனில் இருந்திருந்தால், பார்ப்பவர் உங்களிடம் வந்து சரியான விளக்கத்தைப் படித்திருப்பார்.

ஆகவே தனிச்செய்தியில் இரண்டையும் கேளுங்கள், ஆனால் தனித்தனியாக. டிஸ்க்ரிப்ஷனில் விரிக்காமலே தெரியும் முதல் இரண்டு வரிக்குள் உங்கள் இணைப்பு. கமெண்டுகளின் உச்சியில் பின் (pin) செய்த கமெண்டில் விளக்கத்துக்கான திருத்தம். அதே இணைப்பில் வேறு வீடியோவை ஏற்ற யூடியூப் விடாது என்பதால் "மாற்றிப் போடுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. பிழையான பகுதியை மட்டும் யூடியூப் ஸ்டுடியோவில் வெட்டச் சொல்லலாம். ஒரு வாரம் பொறுங்கள்.

பதில் இல்லையென்றால் வீடியோ போடுங்கள். அதில் அட்டவணை மட்டும் இருக்கட்டும். "இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் உங்களைக் கவிழ்க்கும். யூடியூபர் கார்ல் ஜோப்ஸ்ட் மீது ஆர்கேட் கேம் வீரர் பில்லி மிட்செல் தொடுத்த அவதூறு வழக்கில் 2025 ஏப்ரலில் குயின்ஸ்லாந்து மாவட்ட நீதிமன்றம் மிட்செலுக்கு மூன்றரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தந்தது, வட்டி தனி. ஜோப்ஸ்ட் தோற்றது மிட்செல் கேமில் ஏமாற்றினார் என்று சொன்னதற்காக அல்ல. மறைந்த இன்னொரு யூடியூபரிடமிருந்து மிட்செல் பெரும்பணம் பெற்றதாகவும், அந்த மரணத்தில் அவருக்குப் பங்கிருப்பதாகவும் ஆதாரமில்லாமல் சேர்த்துச் சொன்னதற்காக.

போடுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. 200 அடியில் கிடைத்த 5.5 என்பது உண்மையில் 2 முதல் 9 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் சுமார் 2,000 அடி அடிக்க வேண்டும். இதையும், கேமின் எந்தப் பேட்சில் (திருத்தப் பதிப்பில்) சோதித்தீர்கள் என்பதையும் உங்கள் பழைய வீடியோவின் பின் செய்த கமெண்டில் இன்றே எழுதிவிடுங்கள். அவர்கள் முதலில் கை வைக்கப்போவது அங்கேதான்.