எந்த டிஸ்க் என்று பார்த்துவிட்டு டெலீட் அழுத்துங்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். ஆபீஸ் கணினி எட்டாம் தலைமுறை ஐ5. அதில் உள்ள 1 டிபி ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 10 ஓடுகிறது. டி டிரைவில் டேலி கணக்கும் டிசைன் படங்களும் இருக்கின்றன. புதிதாக 512 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, பென்டிரைவ் வழியாக விண்டோஸ் 11 போடப் பார்த்தேன். டிரைவ் 0-வில் மூன்று பார்டிஷன் (பிரித்த பகுதி), டிரைவ் 1-இல் 476.9 ஜிபி 'அன்அலகேட்டட்' (இன்னும் பிரிக்காத இடம்) என்று காட்டியது. டிரைவ் 0-வைத் தேர்ந்தெடுத்ததும், 'இதில் எம்பிஆர் பார்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி டிஸ்கில்தான் நிறுவ முடியும்' என்று நின்றுவிட்டது. எல்லா பார்டிஷனையும் டெலீட் செய்தால் சரியாகிவிடும் என்கிறான் அண்ணன் மகன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அண்ணன் மகன் சொல்வது பொய்யில்லை, டெலீட் செய்தால் அந்தச் செய்தி போய்விடும். கூடவே கணக்கும் போய்விடும். நீங்கள் கை வைத்திருப்பது பழைய டிஸ்கில். 512 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் 476.9 என்றுதான் காட்டும். 1 டிபி டிஸ்க் 931 என்று வரும். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, டிரைவ் 1-தான் உங்கள் புது எஸ்எஸ்டி. 0, 1 என்ற நம்பரை நம்பாதீர்கள், கேபிள் மாறினால் அதுவும் மாறும். அளவைப் பாருங்கள்.

அந்தச் செய்தி ஏன் வந்தது? செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் பங்காளிகளுக்கு எந்த அறை யாருக்கு என்று ஒரு பாகப்பத்திரம் இருக்குமே, டிஸ்கில் அந்த வேலையைப் பார்ப்பது பார்டிஷன் டேபிள். எம்பிஆர் 1983-லிருந்து வரும் பழைய பத்திரம்: நேரடிப் பங்கு நாலுதான், 2 டிபிக்கு மேல் கணக்கு வைக்கத் தெரியாது. ஜிபிடி புதியது, விண்டோஸில் 128 பார்டிஷன் வரை போகும். பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆனால் (கணினியை எழுப்பினால்), விண்டோஸ் ஜிபிடி டிஸ்கை மட்டுமே ஏற்கும். உங்கள் பழைய டிஸ்க் அதற்கு முந்தைய லெகசி முறையில் அமைத்தது, அதனால்தான் மறுத்தது. பென்டிரைவிலோ எஸ்எஸ்டியிலோ கோளாறு எதுவும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. முதலில் பழைய விண்டோஸிலேயே டேலி பேக்கப் எடுத்து, வேறொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். டேலி லைசென்ஸை அங்கேயே சரண்டர் செய்துவிடுங்கள், அதாவது பழைய விண்டோஸிலிருந்து விடுவித்துவிடுங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, புது விண்டோஸில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று அலைகிறார்கள். பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். டெலீட் பட்டனை எத்தனை முறை தவறி அழுத்தினாலும் கழற்றி வைத்த டிஸ்கை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு லாபமும் உண்டு: இரண்டு டிஸ்கும் மாட்டியிருந்தால், சில நேரம் விண்டோஸ் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்கில் எழுதிவிடும். பின்னால் அதைக் கழற்றினால் கணினி எழாது.

இப்போது பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் பட்டியலில் பழைய டிஸ்க் தெரியாது. 476.9 ஜிபி என்ற வரியைத் தேர்ந்தெடுத்து நேரே நெக்ஸ்ட் கொடுங்கள். பூட் ஆவதற்கான சிறிய ஃபேட்32 பகுதி, 16 எம்பி ரிசர்வ்டு பகுதி, சி டிரைவ், ரெகவரி எல்லாவற்றையும் விண்டோஸே பிரித்து, ஃபார்மட்டும் செய்துகொள்ளும். புது எஸ்எஸ்டிக்கு ஃபுல் ஃபார்மட் தேவையே இல்லை. 'இந்தக் கணினி தகுதியானதல்ல' என்று வந்தால், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்ற பெயரில் இருக்கும்.

கடையில் கொடுத்தால் சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துத் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சி நிறைந்து சிவப்பாகும்போது டி பாதி காலியாகக் கிடக்கும். டியில் வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கை வேறு! விண்டோஸ் கெட்டுப்போய்த் திரும்பப் போடும்போது டி தப்பிக்கும், வாஸ்தவம்தான். டிஸ்கே செத்தால் இரண்டும் சேர்ந்துதான் சாகும்.

விண்டோஸ் 11 ஏறி நன்றாக ஓடியதும், அணைத்துவிட்டுப் பழைய டிஸ்கை மாட்டுங்கள். டி டிரைவில் இருந்ததெல்லாம் அப்படியே தெரியும். எழுத்து மட்டும் இ, எஃப் என்று மாறியிருக்கலாம். அதை ஜிபிடியாக மாற்ற வேண்டியதில்லை, தரவு வைக்க எம்பிஆர் போதும். பழைய விண்டோஸ் இருக்கும் பகுதியை ஒரு மாதமாவது தொடாதீர்கள். எதையோ எடுக்க மறந்தது அதற்குள் ஞாபகம் வந்துவிடும். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதியை மட்டும் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்து, வாராவாரம் எடுக்கும் டேலி பேக்கப்பின் ஒரு பிரதியை அங்கே போடுங்கள். இன்னொரு பிரதி பட்டறையில் இருக்க வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.