டேலி பிரைமுக்கு மாறலாமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

இருபது ஆண்டுகளாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பு ஈ.ஆர்.பி. 9, புதியது பிரைம். மாறலாமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. மென்பொருள் விற்பவன் அல்லன். விலை, தவணை, தள்ளுபடி பற்றிக் கேட்டால் விற்பனையாளரிடம்தான் அனுப்புவேன்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்: ஈ.ஆர்.பி. 9 நன்றாகத்தான் ஓடுகிறது. எதற்கு மாற வேண்டும்?

முதலில் உங்கள் விற்றுமுதலைப் பாருங்கள். 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தால், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரிக்கு நீங்கள் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியல், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவது, கட்டாயம். பிரைமில் வவுச்சரை, அதாவது பில் பதிவைச் சேமிக்கும்போதே, அதற்கான ஐ.ஆர்.என். என்ற அடையாள எண்ணும் கியூ.ஆர். குறியும் வாங்கிவிடலாம். பில்களை அரசுத் தளத்தில் தனியாக ஏற்றிக்கொண்டிருக்கும் பையனின் சம்பளத்தைக் கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். 5 கோடிக்குக் கீழே, ஆடிட்டரும் எதுவும் கேட்கவில்லையென்றால் அவசரமே இல்லை. 2020 நவம்பரில் வந்த மென்பொருள், இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும். மாறுவதானால் மாதத்தில் 20ஆம் தேதி தாண்டியபின் மாறுங்கள், ஜி.எஸ்.டி. தாக்கல் நாட்களில் விஷப்பரீட்சை வேண்டாம். மார்ச் கடைசியில் கூடவே கூடாது. பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே தொடங்குங்கள்.

சிவகாசி, அச்சகம்: பில் வடிவத்தைத் தனியாக எழுதி வாங்கினோம். அது போய்விடுமா?

நல்ல கேள்வி. டேலிக்கென்றே எழுதப்படும் அந்த டி.டி.எல். நிரல்களில் சில பிரைமில் அப்படியே ஓடும், சில பிழை காட்டும். பிழை காட்டாமல் தவறாகக் கணக்கிடுபவைதான் ஆபத்து. ஒரு பெயிண்ட் கடையில் தள்ளுபடியை வரி சேர்த்த பிறகு கழித்துக்கொண்டிருந்தது; மூன்று நாள் பில் வெளியே போன பிறகுதான் பார்த்தேன். சோதிக்காமல் விட்டது என் தவறு. ஆகவே தள்ளுபடி உள்ளது, சரக்குத் திருப்பியது, வெளிமாநிலம் போனது என்று வகைக்கொன்றாகப் பத்துப் பழைய பில்களைப் புதியதில் அச்சிட்டு, பழையதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எழுதித் தந்தவரிடம் மூல நிரலைக் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் தொகுக்கப்பட்ட கோப்பு மட்டும் இருந்தால் யாராலும் அதில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

தேனி: கணினியில் 32 பிட் விண்டோஸ் 7. ஓடுமா?

ஓடாது. 64 பிட் வேண்டும்.

கரூர்: மாறினால் பழைய கணக்கு அழிந்துவிடுமா?

அழியாது. பேக்கப் எடுங்கள்.

கோவை, ஆடிட்டர்: கணக்கில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் திருத்தப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதைச் சொல்லாமல் "அவசரமில்லை" என்கிறீர்களே?

கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்குக் கட்டாயம், ஐயா. ஈரோட்டுக்காரர் தனி உரிமையாளர் என்று எடுத்துக்கொண்டேன். அவர் பிரைவேட் லிமிடெட் வைத்திருந்தால் மேலே சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எந்த வவுச்சரை யார், எப்போது மாற்றினார் என்ற தடம் இல்லாமல் அவர் கணக்கு வைக்கக் கூடாது. பிரைமின் எடிட் லாக் பதிப்பில் அந்தத் தடத்தை அணைக்கவே முடியாது.

அதே ஆடிட்டர்: கூட்டு வணிகமும் அதையே வைத்துக்கொள்ளட்டும். கணக்கர் பின்தேதியில் கை வைப்பது நிற்கும்.

மதுரை, கணக்கர்: எங்களைத் திருடர்கள் என்கிறாரா?

இல்லை, தம்பி. ஆனால் நீங்கள் இதை விரும்பித்தான் கேட்க வேண்டும். முதலாளியே பின்தேதியில் மாற்றச் சொல்லிவிட்டு, நோட்டீஸ் வந்ததும் "கணக்கப்பிள்ளை செய்தார்" என்று கைகாட்டிய கடைகளைப் பார்த்திருக்கிறேன். தடம் இருந்தால் தப்பிப்பது நீங்கள்தான். கட்டாயம் என்பது வேறு, நல்லது என்பது வேறு. ஆடிட்டரோடு எனக்குள்ள வழக்கு அவ்வளவே.

மதுரை: முதலாளியின் பெயரிலேயே நான் நுழைகிறேன். அப்போது?

அப்போது தடத்திலும் அவர் பெயர்தான் விழும். இன்றே உங்களுக்குத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேளுங்கள்.

நாமக்கல்: பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாமா?

மென்பொருள் திரும்பும், தரவு திரும்பாது. பிரைம் 3.0-க்கு மாற்றிய தரவைப் பழைய பதிப்பு திறக்காது. கையில் பேக்கப் இருந்தால், அன்றுவரை உள்ள கணக்குக்குத் திரும்பலாம். இடைப்பட்ட நாட்களைக் கையால் போட வேண்டியதுதான்.

திண்டுக்கல்: பழைய கணக்கு அழிந்துவிடுமா?

கரூர்காரருக்குச் சொன்னதே.

விழுப்புரம்: ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் பழைய கம்பெனி மெனு வரவில்லை!

ஆல்ட்+கே அழுத்துங்கள். எதையாவது தேடினால் ஆல்ட்+ஜி. இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும்.

கரூர், மீண்டும்: பேக்கப் எடுத்துவிட்டேன். அதே கணினியில், டி டிரைவில்.

வட்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். திறந்து பார்த்தீர்களா?